அக்கியும் எதிர்ப்பொருளும்

நுழையும்முன்

சின்னம்மை கண்டு தேறியவரை அந்நோய் மீண்டும் அணுகுவது அரிது. ஆயினும், அம்மையைத் தந்த நச்சுயிரி அவருடலை விட்டு நீங்குவதில்லை. நரம்பினுள் ஒடுங்கிக் கிடந்து, ஐம்பது அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அக்கியாக வெளிப்படக்கூடும். குருதியில் காவல் நிற்கும் எதிர்ப்பொருள் அதனை ஏன் அழிப்பதில்லை? அழிக்க இயலாதெனின் அக்காவலால் விளையும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஆற்றங்கரை ஆதுலசாலை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்து, பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் அஃது உள்ளது. அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் இதனை 'எபிகிராபியா இண்டிகா' இருபத்தொன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் மருத்துவமனையும் இயங்கிய செய்தியை இக்கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது.

மருத்துவமனையின் பெயர் வீரசோழன். அதனை ஆதுலசாலை என்கிறது கல்வெட்டு. ஆதுலர் என்பார் நோயுற்றவர். அங்கே 15 நோயாளிகள் தங்குவதற்குக் கிடக்கைகள் இருந்தன. நாடி பார்த்து மருந்தளிக்கக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவர் இருந்தார். அறுவைப் பணிக்கு ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளுக்கு மருந்தூட்டிப் பணிவிடை செய்யப் பெண்டிர் இருவர் எனப் பணியாளர் வரையறுக்கப்பட்டிருந்தனர். நோயாளிகள் கிடந்த இடத்தில் இரவு முழுதும் விளக்கொன்று எரிவதற்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது. தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் முதலாக ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாகக் காணப்படுகின்றன. விடுதி மாணவர்க்குச் சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்க்க எண்ணெய் தரப்பட்டது என்னும் குறிப்பு, விடுதியில் தங்கிப் பயிலும் இந்நாளைய மாணவரைப் பொறாமைகொள்ளச் செய்யும்.

அந்த ஆதுலசாலைக்கு வந்தவை யாவும் வெளிப்பட்டுவிட்ட நோய்கள். காய்ச்சலாகவோ புண்ணாகவோ வலியாகவோ தம்மைக் காட்டிக்கொண்ட பின்னரே அவை மருத்துவரின் கைக்கு எட்டின. ஆனால், எவ்வித அறிகுறியுமின்றி உடலுக்குள் உறங்கும் நோய்களும் உண்டு. அவற்றுள் நம் வீடுகள் அனைத்தும் அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அம்மை வார்த்தவரும் அக்கி கண்டவரும்

சின்னம்மை கண்டவரை நம் ஊர்களில் நோயாளி என்று சொல்லத் தயங்குவர். 'அம்மை வார்த்திருக்கிறது' என்பர். வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். வெளியார் வருகை நிற்கும். அவ்வேளையில் உள்ளே சென்று பணிவிடை செய்பவர் யார் என்பதில் ஒரு வரையறை இருந்தது. 'அத்தைக்கு முன்பே வார்த்துவிட்டது. அவங்க போகலாம்' என்று வீட்டு முதியோர் சொல்வர். ஒருமுறை அம்மை கண்டவரை அது மறுமுறை பற்றாது என்னும் அறிவு இவ்வழக்கத்தினுள் பொதிந்திருந்தது. கி.மு. 430இல் ஏதென்சு நகரைத் தாக்கிய கொள்ளைநோயைப் பற்றி எழுதிய துசிடிடீசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியரும், நோயிலிருந்து மீண்டவர்களே அச்சமின்றிப் பிறரைப் பேணினர் என்று குறித்துள்ளார். நோயின் காரணம் தெரியாத காலத்திலேயே அதன் நடத்தையை மக்கள் கூர்ந்து நோக்கியிருந்தனர்.

எனினும், இவ்வறிவுக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. இதனை எழுதும் என் தாயார் சிறுமியாக இருந்தபோதே அம்மை வார்த்தவர். எங்களுக்கெல்லாம் அம்மை கண்ட நாள்களில் அருகிலேயே இருந்தும் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. அறுபத்தெட்டாம் வயதில் ஒருநாள் வலப்பக்க நெற்றியில் தீப்பட்டாற்போல் எரிகிறது என்றார். இரண்டு நாள் கழித்து அவ்விடத்தில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழுந்தன. 'அக்கி' என்றனர் அண்டை வீட்டார். குயவர் ஒருவர் காவிக்கல்லை உரைத்துக் கோழி இறகால் நெற்றியில் எழுதினார். நாங்களும் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் இமை வீங்கிக் கண் சிவந்த பின்னரே மருத்துவமனைக்கு விரைந்தோம். பார்வை தப்பியது. நெற்றி வலியோ ஓராண்டு நீடித்தது. தலைவாரும் சீப்பு படுவதையும் அவரால் பொறுக்க இயலவில்லை.

அம்மை அவரைத் தீண்டாதவாறு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்த அதே உடல், அக்கியை ஏன் தடுக்கவில்லை? மருத்துவர் சொன்ன விடை எனக்கு வியப்பளித்தது. இரண்டும் ஒரே நச்சுயிரியின் வேலை என்றார் அவர்.

ஒரு நச்சுயிரி, இரண்டு நோய்

இவ்வுண்மையை முதலில் ஐயுற்றவர் அங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் போகாய். முதியவர் ஒருவருக்கு அக்கி கண்ட வீட்டில், சில நாளில் குழந்தைகளுக்குச் சின்னம்மை காண்பதை அவர் 1892ஆம் ஆண்டு முதல் கவனித்து வந்தார். 1925இல் குண்டராட்டிட்சு என்பவர், அக்கிக் கொப்புளத்தின் நீரைக் குழந்தைகளின் தோலில் ஏற்றியபோது அவர்களுக்குச் சின்னம்மை வந்தது. இத்தகைய சோதனையை இன்று எந்த அறநெறிக் குழுவும் ஏற்காது. 1950களில் அமெரிக்க அறிவியலாளர் தாமசு வெல்லர் இரு நோய்களிலிருந்தும் நச்சுயிரியைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, இரண்டும் ஒன்றே என நிறுவினார். இன்று அதன் பெயர் வேரிசெல்லா சோசுட்டர் நச்சுயிரி.

சின்னம்மை ஆறும் வேளையில் இந்நச்சுயிரி தோலிலுள்ள நரம்பு முனைகள் வழியாக ஏறி, முதுகெலும்பின் இருமருங்கிலும் தலையின் அடிப்பகுதியிலும் உள்ள நரம்பணுத் திரள்களை அடைகிறது. அங்குள்ள நரம்பணுக்களின் உட்கருவில் அதன் மரபுப்பொருள் ஒரு வளையமாகத் தங்குகிறது. புதிய நச்சுயிரிகள் உருவாவதில்லை. அணு அழிவதுமில்லை. இதுவே உறங்குநிலை. எனக்கும் பத்து வயதில் அம்மை வார்த்தது. எனவே, இவ்வரிகளை எழுதும்போதும் என் முதுகெலும்பின் ஓரத்தில் அது உறங்கிக்கொண்டிருக்கிறது.

உறக்கம் கலைந்தால், எந்த நரம்பணுத் திரளில் விழித்ததோ அத்திரளின் நரம்பு வழியே நச்சுயிரி தோலுக்கு இறங்கி வருகிறது. ஆதலால்தான் அக்கி உடலின் ஒரு பக்கத்தில், ஒரு நரம்பு பரவும் பட்டையில் மட்டும் காண்கிறது. இரு பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டால் உயிர் போகும் என்னும் அச்சம் பல நாட்டு மக்களிடமும் உண்டு. ஒரு பக்க நரம்பு உடலின் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் செல்வதில்லையாதலின், பெரும்பாலும் அவ்வாறு வளைப்பதில்லை.

இங்கே திருமுக்கூடலை மீண்டும் நினைவுகொள்வோம். மணல்வாரி அம்மை எனப்படும் தட்டம்மை ஓர் ஊரில் தொடர்ந்து நிலைபெற இலட்சக்கணக்கான மக்கள் வேண்டும். சிற்றூரில் அனைவருக்கும் ஒருமுறை வந்துபோனபின் பற்றுவதற்கு ஆளின்றி அது மறைந்துவிடும். சின்னம்மைக்கு அந்நிலை இல்லை. ஆயிரம் பேருக்குக் குறைவான ஊரிலும் அது நிலைத்திருக்கும். குழந்தைகளிடம் மறைந்த நச்சுயிரி பாட்டனாரின் முதுகில் உறங்குகிறது. அவருக்கு அக்கி காணும்போது, இடையில் பிறந்த பெயரக் குழந்தைகளுக்கு அது சின்னம்மையாகப் பற்றுகிறது. ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்த தலைமுறைக்குச் செல்ல அந்நச்சுயிரி கண்ட வழியே உறக்கம். சோழர் காலத்து ஆற்றங்கரைச் சிற்றூருக்கும் அது போதுமானது.

எதிர்ப்பொருள் என்பது யாது?

1890இல் பெர்லின் நகரில் எமில் வான் பெரிங்கும் சப்பானியரான கிட்டசாட்டோவும் ஓர் உண்மையைக் கண்டனர். நோயின் நஞ்சைத் தாங்கப் பழகிய விலங்கின் குருதித்தெளிவை மற்றொரு விலங்குக்குச் செலுத்தினால், அதுவும் அந்நஞ்சைத் தாங்கிற்று. குருதித்தெளிவில் ஏதோ ஒரு பொருள் காவல் செய்கிறது என்பது தெளிவாயிற்று. அப்பொருளே எதிர்ப்பொருள். அதன் அமைப்பை விளக்கிய ராட்னி போர்ட்டர், செரால்டு எடல்மன் இருவரும் 1972இல் நோபல் பரிசு பெற்றனர்.

எதிர்ப்பொருள் ஒரு புரதம். கவண் கட்டையின் கவைபோல் இரு கைகளும் ஒரு தண்டும் கொண்டது. கைகளின் நுனி ஒரு குறிப்பிட்ட நச்சுயிரியின் மேற்பரப்புக்கு மட்டும் பொருந்தும் வடிவினது. நுனியால் நச்சுயிரியைப் பற்றிக்கொண்டால், அது உயிரணுவில் ஒட்டி உள்நுழைய இயலாமற்போகும். தண்டுப் பகுதி, விழுங்கும் அணுக்களை அழைத்துக் காட்டிக்கொடுக்கும்.

இதனை உண்டாக்குபவை வெள்ளையணுக்களுள் ஒருவகையான பி அணுக்கள். நோய் நீங்கியபின் அவற்றின் வழிவந்த சில அணுக்கள் எலும்பு மச்சையில் குடியேறிப் பல்லாண்டுகள் எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. குருதியிலுள்ள முதன்மை வகை எதிர்ப்பொருளில் பாதி ஏறத்தாழ மூன்று வாரத்தில் சிதைந்துவிடும். ஆயினும் புதியது இடைவிடாது சுரப்பதால் அளவு குன்றுவதில்லை. அம்மைக்கூடத்துக்குள் அத்தை அச்சமின்றி நுழைந்தது இச்சுரப்பின் துணையால்தான்.

கதவடைத்த வீட்டுக்கு வெளியே

எதிர்ப்பொருளின் வலிமையும் வரம்பும் அதன் இருப்பிடத்தாலேயே அமைகின்றன. குருதியிலும் உடல்நீர்களிலும் அது உலவுகிறது. உயிரணுவுக்குள் நுழைவதில்லை. வெளியே உலவும் நச்சுயிரி அதன் கைக்கு எட்டும். உறங்கும் நச்சுயிரியோ நரம்பணுவின் உட்கருவில் இருக்கிறது. பற்றிக்கொள்வதற்கு மேற்பரப்பும் இல்லை, புரதமும் இல்லை. அடைத்த கதவுக்கு வெளியே நிற்கும் காவலர்க்கு உள்ளே உறங்குபவர் இருப்பதே தெரியாது.

அவ்வாறாயின் உறக்கம் கலையாமல் பார்த்துக்கொள்வது எது? இங்கிலாந்தின் சைரன்செசுட்டர் என்னும் சிறுநகரத்தில் பொதுமருத்துவராக இருந்த எட்கர் ஹோப் சிம்ப்சன் இவ்வினாவைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். அவர் பெரிய ஆய்வகத்தைச் சார்ந்தவரல்லர். தம்மிடம் வந்த நோயாளிகளை 16 ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவைத்து, 192 அக்கி நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 1965இல் ஒரு கருதுகோளை வெளியிட்டார். உறங்கும் நச்சுயிரி அவ்வப்போது விழிக்கிறது. எதிர்ப்பாற்றல் போதிய அளவு இருக்கும்வரை அஃது அடக்கப்படுகிறது. அளவு குறைந்தால் அக்கியாக வெளிப்படுகிறது. சின்னம்மை கண்ட குழந்தைகளோடு பழகும்போது பெரியவர்களின் எதிர்ப்பொருட் காவல் புதுப்பிக்கப்பட்டு, அக்கி வரும் காலம் தள்ளிப்போகிறது. இஃது அவர் கூற்று.

இக்கருதுகோளின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. ஒரு சொல்தான் மாறிற்று. அவர் எதிர்ப்பொருள் என்று கருதிய இடத்தில், வெள்ளையணுக்களுள் மற்றொரு வகையான டி அணுக்களைப் பின்வந்தோர் வைத்தனர். அதற்குக் காரணங்கள் உண்டு. பிறவியிலேயே எதிர்ப்பொருள் சுரக்கும் ஆற்றலற்ற குழந்தைகள் உள்ளனர். 1952இல் ஆக்டன் புரூட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் இக்குறையை முதன்முதலாக விளக்கினார். இக்குழந்தைகள் பலவகை நுண்ணுயிரித் தொற்றுகளால் ஓயாது துன்புறுவர். சின்னம்மையை மட்டும் பெரும்பாலும் பிற குழந்தைகளைப் போலவே கடந்துவிடுவர். டி அணுக்கள் குறைந்தவர்க்கோ அதே சின்னம்மை உயிருக்கு இறுதியாகக்கூடும். மேலும், அக்கி கண்ட முதியோரின் குருதியைச் சோதித்தால் எதிர்ப்பொருள் குறைவின்றி இருக்கிறது. அகவை முதிரும்போது தளர்வது டி அணுக்களின் நினைவாற்றலே. என் தாயாரிடமும் காவலர் இருந்தனர். வீட்டுக்குள் நடப்பதை ஒற்றறிவோர் குறைந்துபோயினர்.

டி அணுக்கள் எங்ஙனம் உள்ளே நடப்பதை அறிகின்றன? ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் உண்டாகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. நச்சுயிரி விழித்துப் புரதம் செய்யத் தொடங்கினால் அதன் துண்டும் வாயிலில் தோன்றும். சுற்றிவரும் டி அணு அதனைக் கண்டுகொள்ளும்.

காஞ்சிப் பட்டு நெசவில் கோர்வை என்றொரு முறை உண்டு. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயின், மூன்று நாடாக்கள் கொண்டு, ஊடை இழைகளைக் கரையில் ஒன்றோடொன்று பூட்டி நெய்வர். தறியில் அமர்ந்தவர் ஒருவராலேயே அதனைச் செய்து முடிப்பது கடினம். மறுகரை நாடாவைத் தள்ளித்தர அருகில் இன்னொருவர் அமர்வார். இருவரில் ஒருவர் கை ஓய்ந்தாலும் கரையும் உடலும் பிரிந்துவிடும். எதிர்ப்பொருளும் டி அணுவும் செய்யும் பணி இத்தகையது. உறங்கும் நச்சுயிரியைப் பொறுத்தவரை நடுத்தறியில் அமர்ந்திருப்பது டி அணு; மறுகரை நாடாவைத் தள்ளுவது எதிர்ப்பொருள்.

மறுகரைப் பணி

மறுகரைப் பணியைச் சிறிதென எண்ணலாகாது. விழித்தெழுந்த நச்சுயிரி குருதியில் கலந்து உடலெங்கும் பரவாமல் தடுப்பதில் எதிர்ப்பொருளுக்குப் பங்குண்டு. அதனினும் தெளிவான சான்று பச்சிளங்குழந்தைகளிடம் கிடைக்கிறது.

தாயின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகக் கருவுக்குச் செல்கிறது. பிறந்த குழந்தைக்குச் சொந்தப் படை இல்லை. சில மாதங்கள்வரை தாய் கொடுத்தனுப்பிய படையே துணை. மகப்பேற்றுக்கு முந்தைய ஐந்து நாள்களுக்கும் பிந்தைய இரண்டு நாள்களுக்கும் இடையில் தாய்க்குச் சின்னம்மை கண்டால், நச்சுயிரி குழந்தையைச் சென்றடைந்துவிடுகிறது. எதிர்ப்பொருள் உருவாகி அதனைச் சென்றடையக் காலம் போதுவதில்லை. அக்குழந்தைகளின் நிலை மிக இடருடையது. பிறர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளை உடனே செலுத்தினால் நோயின் கடுமை தணிகிறது. எதிர்ப்பொருள் ஒன்றையே கடன் கொடுத்து உயிர்காக்கும் இம்முறை, அதன் ஆற்றலை ஐயமற விளக்குகிறது.

உதட்டோரம் கொப்புளம் தரும் எர்ப்பிசு நச்சுயிரியும் இதே குடும்பத்தது. இதேபோல் நரம்பில் உறங்குவது. மகப்பேற்றை ஒட்டித் தாய்க்கு முதன்முறையாகப் பிறப்புறுப்புப் பகுதியில் அது தொற்றினால், நூறு குழந்தைகளில் 30 முதல் 50 குழந்தைகளுக்குப் பரவும். பழைய தொற்றே மீண்டெழுந்ததாயின் நூற்றுக்கு மூவர்க்கும் குறைவாகவே பரவும். தாயின் பழைய எதிர்ப்பொருள் குழந்தையை முன்னரே அடைந்திருப்பது இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

நடுத்தறியில் எதிர்ப்பொருளும் அதனைச் சுரக்கும் அணுக்களும் அமர்வதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கல்லீரல் அழற்சி தரும் ஹெபடைட்டிசு பி நச்சுயிரி, நோய் நீங்கியபின்னும் கல்லீரல் அணுக்களின் உட்கருவில் மரபுவளையமாகத் தங்கிவிடுகிறது. பழைய நோயாளி நலமாகவே வாழ்வார். பிற்காலத்தில் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் கண்டு, பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தைச் செலுத்தினால், உறங்கிய நச்சுயிரி விழித்துக்கொள்ளலாம். 1997இல் இம்மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் இவ்வாறு கல்லீரல் செயலிழந்து இறந்தோரும் உண்டு. பி அணுக்கள் எதிர்ப்பொருளைச் சுரப்பதோடு டி அணுக்களுக்கும் துணைசெய்பவை. ஆகவே இழப்பு இருமடங்காகிறது. இப்பொழுது இத்தகைய மருத்துவத்தைத் தொடங்குமுன் ஹெபடைட்டிசு பி சோதனை செய்து, தேவையாயின் காப்பு மருந்தும் தருகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

எதிர்ப்பொருள் நோயை அடக்காதபோதும், நோயிருப்பதற்குச் சான்று கூறும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பயின்ற முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, எய்ட்சு நோய் இந்தியாவில் உள்ளதா என ஆராய முற்பட்டார். திரட்டிய சுமார் 200 குருதி மாதிரிகளின் தெளிவைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்து வைத்தார். பின்னர் அவற்றை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச்சென்று சோதித்தார். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்று புலனாயிற்று. அச்சோதனை கண்டது நச்சுயிரியை அன்று; அதற்கெதிராக உடல் சுரந்த எதிர்ப்பொருளை. எவ்வித நோய்க்குறியுமின்றி டி அணுக்களுக்குள்ளேயே உறங்கும் அந்நச்சுயிரியை எதிர்ப்பொருள் காட்டிக்கொடுத்தது. அடிக்கடி உருமாறும் அதனை ஒழிக்கமட்டும் அதனால் இயலவில்லை.

மூன்று நாள்

அமெரிக்க நாட்டில் மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் அக்கி காண்கிறது. நம் வீடுகளில் அதனை எதிர்கொள்வோர் பெரும்பாலும் பாட்டன் பாட்டியர். காவி எழுதுவது கொப்புளத்துக்குக் குளிர்ச்சி தரலாம். நரம்பினுள் பெருகும் நச்சுயிரியை அது தொடாது. கெர்ட்ரூடு எலியன் என்னும் அறிவியலாளரின் குழு உருவாக்கிய ஏசைக்ளோவிர் என்னும் மருந்து அதனைத் தொடும். எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். விழித்த நச்சுயிரி தானே செய்யும் ஒரு நொதியால்தான் இம்மருந்து ஊக்கம் பெறுகிறது. ஆதலால் நச்சுயிரி புகாத அணுவுக்கு ஊறு குறைவு. உறங்கும் நச்சுயிரியை மருந்தாலும் ஒன்றும் செய்ய இயலாது. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் கிட்டும். நாங்கள் காவியை நம்பி இழந்தவை அந்த மூன்று நாள்களே.

நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்புளம் கண்டால் கண்ணுக்கு இடர் நெருங்கியிருக்கிறது எனக் கொள்ளவேண்டும். நூலிழையை எண்ணிக் கோக்கும் நெசவாளிக்குக் கண் போனால் தறி நிற்கும். கொப்புளம் ஆறியபின் தொடரும் நரம்புவலியும் அத்தகையதே. விலாவில் சட்டை படுவதைப் பொறுக்காதவர் குழித்தறியில் குனிந்து அமர்வது எங்ஙனம்?

அக்கி கண்டவரை வீட்டில் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. அவரைத் தொட்டால் அக்கி ஒட்டாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், எதிர்ப்பொருள் இல்லாதவர்க்குச் சின்னம்மை வரும். கொப்புளங்களைத் துணியால் மூடி, அவை காய்ந்து பொருக்காகும்வரை கைக்குழந்தைகளும், முன்பு அம்மை காணாத கருவுற்ற பெண்டிரும் விலகியிருத்தல் நன்று. நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை குளிர்நாடுகளைவிடக் காலந்தாழ்த்தி, இளமைப் பருவத்தில் பற்றுவதும் உண்டு. எனவே கருவுறும் வயதிலும் எதிர்ப்பொருள் இல்லாத பெண்டிர் இங்கு உளர்.

அக்கிக்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. உயிருள்ள நச்சுயிரியை வலிமை குன்றச் செய்து ஆக்கிய முதல் தடுப்பூசி, 60 வயது கடந்தோரிடம் அக்கியைப் பாதியளவு குறைத்தது. 2017இல் வந்த அடுத்த தடுப்பூசி நச்சுயிரியின் ஒரே ஒரு புரதத்தையும், டி அணுக்களைத் தட்டியெழுப்பும் துணைப்பொருளையும் கொண்டது. 50 வயது கடந்தோரிடம் நடந்த ஆய்வில் நூற்றுக்கு 97 அளவில் அக்கியைத் தடுத்தது. நடுத்தறியில் அமர்ந்தவர் யார் என்று கண்டறிந்ததன் பயனே இவ்வேறுபாடு. 2023 முதல் இந்தியாவிலும் அது கிடைக்கிறது. இரண்டு தவணைகளுக்கு ஆகும் செலவு, கூலிக்கு நெய்யும் குடும்பத்தின் கைக்கு இன்னும் எட்டவில்லை. திருமுக்கூடலில் நோயாளிக்கும் விளக்கெண்ணெய்க்கும் கணக்கெழுதி நெல்லளந்த வழக்கம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டு முதியோரிடம் அம்மை, அக்கி ஆகியவை பற்றிய வழக்குகளைக் கேட்டெழுதுக. அவற்றுள் கூரிய நோக்கிலிருந்து பிறந்தவை எவை, அச்சத்திலிருந்து பிறந்தவை எவை என வகுப்பில் உரையாடுக.

'அக்கி கண்ட முதியவரின் குருதியில் எதிர்ப்பொருள் குறைவின்றி இருந்தது.' இச்செய்தி ஹோப் சிம்ப்சனின் கருதுகோளில் எந்தப் பகுதியை மாற்றியது? காரணம் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.

உங்கள் ஊர்த் தொழிலிலிருந்து ஓர் உவமையைத் தேர்ந்து, எதிர்ப்பொருளும் டி அணுவும் இணைந்து செயற்படுவதை எட்டாம் வகுப்பு மாணவர்க்கு விளக்குக.